கனசதுரமும் கற்கும் காலமும்

நுழையும்முன்

எதைக் கற்க வேண்டும் என்று சொல்ல ஆசிரியர் உண்டு, நூலும் உண்டு. எப்போது கற்க வேண்டும் என்பதைப் பல வேளைகளில் கற்பவரே முடிவுசெய்ய நேர்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டு, அம்முடிவை எவ்வாறு கணக்கிட்டு எடுக்கலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திசையன்விளையில் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் ரூபிக் கனசதுரத்தை முப்பது நொடியில் ஒழுங்குபடுத்துவார். பள்ளி விட்டு வந்ததும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை பழகுவார். ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட உறவினர் ஒருவர், எழுபத்தெட்டுச் சிறு படங்கள் அச்சிடப்பட்ட தாள் ஒன்றைத் தருகிறார். ஒவ்வொரு படத்தின் கீழும் எழுத்துகளாலான ஒரு வரி இருக்கிறது. “இவை அனைத்தையும் மனப்பாடம் செய்துவிடு. இருபது நொடிக்குள் வந்துவிடுவாய்” என்கிறார்.

உறவினர் கூறியதில் பொய் இல்லை. வேகமாக விளையாடுவோர் பலர் அந்த எழுபத்தெட்டையும் அறிந்தவர்களே. ஆயினும் அம்மாணவி அன்றே அத்தாளைக் கையில் எடுக்க வேண்டுமா? வேதியியலில் தனிம வரிசை அட்டவணையும் கணிதத்தில் முக்கோணவியல் வாய்பாடுகளும் அவர் நினைவில் இடங்கேட்டுக் காத்திருக்கும் ஆண்டு இது. நினைவாற்றலைவிட நேரமே அவருக்கு அரிய பொருள். இப்படிப்பட்ட தாளைப் பெற்று, இரண்டு வாரம் போராடி, பாதியைக் குழப்பிக்கொண்டு, கனசதுரத்தையே பரணில் போட்டுவிட்டவர் பலர். அவர்களிடம் திறமை குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவர்கள் தொடங்கிய நாள்தான் பொருந்தாத நாள்.

கையளவு பொருள், கணக்கற்ற நிலைகள்

அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் கட்டடக்கலை பயிற்றுவித்த எர்னோ ரூபிக், 1974-ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். 1980-இல் இது உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. வெளியே தெரியும் துண்டுகள் இருபத்தாறு. அவற்றுள் நடுத்துண்டுகள் ஆறு, விளிம்புத் துண்டுகள் பன்னிரண்டு, மூலைத் துண்டுகள் எட்டு. நடுத்துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. எனவே எந்தப் பக்கம் எந்த நிறம் பெற வேண்டும் என்பதை அவையே முடிவுசெய்கின்றன. எஞ்சிய இருபது துண்டுகளும் சேர்ந்து தரும் நிலைகளின் எண்ணிக்கை 4,32,52,00,32,74,48,98,56,000. சொல்லால் கூறின், நான்கு இலட்சத்து முப்பத்திரண்டாயிரம் கோடி கோடிக்கு மேல்.

இவற்றுள் எந்நிலையில் இருந்தாலும் இருபது திருப்பங்களுக்குள் கனசதுரத்தை ஒழுங்குபடுத்திவிடலாம் என்பது 2010-ஆம் ஆண்டு கணினிகளின் துணையுடன் உறுதிசெய்யப்பட்டது. ஆனால், அந்த இருபது திருப்பங்களைக் கண்ணால் பார்த்தவுடன் கண்டறிய எவராலும் இயலாது. ஆகவே விரைவாட்டக்காரர்கள் ஐம்பது, அறுபது திருப்பங்களில் முடிக்கும் நீண்ட வழியையே தேர்ந்தெடுக்கின்றனர். குறுகிய வழியைத் தேடி நிற்கும் நேரத்தில், தெரிந்த நீண்ட வழியில் கை முடித்தேவிடுகிறது.

நெறிமுறை என்பது யாது?

கணினி அறிவியல் பாடநூலில் நெறிமுறை என்னும் சொல்லைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் அல்காரிதம் எனப்படும் அதனைக் கனசதுரம் விளையாடும் மாணவர்கள் ஃபார்முலா என்று சொல்வதும் உண்டு. குறிப்பிட்ட ஒரு நிலையிலிருந்து விரும்பிய நிலைக்குக் கொண்டுசெல்லும் திருப்பங்களின் வரிசையே நெறிமுறை.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. கனசதுரத்தின் வலப்பக்கத்தை ஒருமுறை வலஞ்சுழியாகத் திருப்புக. அடுத்து மேற்பக்கத்தை வலஞ்சுழியாகத் திருப்புக. பின்னர் வலப்பக்கத்தை இடஞ்சுழியாகவும், மேற்பக்கத்தை இடஞ்சுழியாகவும் திருப்புக. நான்கே திருப்பங்கள், பெரும்பாலான துண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்க, சில மட்டும் இடம் மாறியிருக்கும். இந்நான்கையும் ஆறு முறை செய்தால் கனசதுரம் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடும். ஒழுங்குபட்ட கனசதுரம் கையில் இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். எண்ணிக்கை தவறினால் ஒழுங்கு குலைந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இத்தகைய வரிசைகளைப் படிப்படியாகப் பயன்படுத்தும் முறைகளுள் இன்று மிகுதியாக வழங்குவது நான்கு கட்டங்களைக் கொண்டது. முதலில் அடிப்பக்கத்தில் கூட்டல்குறி வடிவம் அமைத்தல். அடுத்து மூலையும் விளிம்புமாக நான்கு இணைகளைப் பொருத்திக் கீழ் இரண்டு அடுக்குகளை முடித்தல். பின்னர் மேற்பக்கம் முழுவதையும் ஒரே நிறமாக்குதல். இறுதியில், மேலடுக்கின் துண்டுகளை உரிய இடங்களுக்கு மாற்றுதல். செக் நாட்டில் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஜெசிகா ஃபிரிட்ரிக்கின் பெயரால் இம்முறை பரவலாக அறியப்படுகிறது.

மூன்றாம் கட்டமான நிறம் சேர்த்தலில் 57 நிலைகள் எழலாம். நான்காம் கட்டமான இடம் மாற்றலில் 21 நிலைகள் எழலாம். உறவினர் தந்த தாளில் இருந்தவை இவைதாம். ஒவ்வொன்றுக்கும் தனி நெறிமுறை அறிந்தால் கட்டத்திற்கு ஒன்றாக இரண்டே நெறிமுறைகளில் மேலடுக்கு முடிந்துவிடும். அறியாதவர் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொள்வர். அப்போது நிறம் சேர்த்தலுக்குப் பத்தும் இடம் மாற்றலுக்கு ஆறுமாகப் பதினாறு நெறிமுறைகளே போதும். நம் மாணவி அறிந்தவை அந்தப் பதினாறு.

எண்சுவடி காட்டும் வரிசை

மனப்பாடம் என்றாலே இழிவாகப் பேசுவது இக்கால வழக்கமாகிவிட்டது. அதனை நான் ஏற்பதில்லை. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் பதித்தனர். முந்திரி என்றால் 1/320, காணி என்றால் 1/80, மா என்றால் 1/20, மாகாணி என்றால் 1/16. இப்பின்னங்களின் பெருக்கங்கள் நாவில் இருந்தமையால் களத்துமேட்டில் நெல் அளக்கும்போதும் கடையில் கணக்குப் பார்க்கும்போதும் எழுதுகோலைத் தேட வேண்டிய தேவை எழவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது அங்கிருந்த வரிசையை. எண்களையும் பின்னங்களையும் அறிமுகப்படுத்தும் பொன்னிலக்கமும், உழக்கு, நாழி, குறுணி எனச் செல்லும் நெல்லிலக்கமும் முதலில் வந்தன. பெருக்கல் வாய்பாடுகள் அவற்றின் பின் வந்தன. நிலத்தின் நீள அகலங்களைக் கொண்டு பரப்பறிய உதவும் குழிமாற்று அதற்கும் பின்னரே வந்தது. ஒவ்வொரு சுவடியும் முன்னதை நாவு தடையின்றிச் சொல்லும் நிலையில்தான் பொருள் தந்தது. மாகாணி எவ்வளவு என்று அறியாத சிறுவன் மாகாணி வாய்பாட்டை ஒப்பித்திருக்கலாம். ஒப்பித்ததைக் கொண்டு ஒரு கணக்கும் போட்டிருக்க முடியாது.

நிகழ்தகவு சொல்லும் விலை

இனி நெறிமுறை ஒன்றைக் கற்பதால் கிடைக்கும் பயனைக் கணக்கிடுவோம். பதினோராம் வகுப்பில் நீங்கள் பயிலும் வரிசைமாற்றமும் நிகழ்தகவும் இதற்குப் போதுமானவை.

நிறம் சேர்த்தலில் மேலடுக்கின் நான்கு விளிம்புத் துண்டுகளும் இவ்விரண்டு வகையாக அமையலாம். மூன்றின் நிலை தெரிந்தால் நான்காவது தானே முடிவாகிவிடுவதால் அவற்றுக்கு 2×2×2 = 8 நிலைகள். நான்கு மூலைகளும் மும்மூன்று வகையாக அமையலாம். அங்கும் கடைசி மூலை தானே முடிவாவதால் 3×3×3 = 27 நிலைகள். ஆக மொத்தம் 8×27 = 216. பெரும்பாலான படங்கள் நான்கு திசைகளிலிருந்தும் நான்கு தோற்றம் தருவன. எனவே குறிப்பிட்ட ஒரு படம் எதிர்ப்படும் வாய்ப்பு 4/216, அதாவது 54-க்கு ஒருமுறை.

இடம் மாற்றலில் இயலும் அமைப்புகள் 288. அங்குப் பெரும்பாலான படங்கள் பதினாறு தோற்றம் பெறுகின்றன. எனவே ஒரு படம் எதிர்ப்படும் வாய்ப்பு 16/288, அதாவது 18-க்கு ஒருமுறை.

ஒரு புதிய நெறிமுறை தெரிந்த நிலை எதிர்ப்படும்போது இரண்டு நொடி மிச்சமாகிறது என்று கொள்வோம். இடம் மாற்றல் நெறிமுறை ஒன்றைக் கற்றால், சராசரியாக ஒவ்வோர் ஆட்டத்திலும் கிடைக்கும் ஆதாயம் 2/18, ஏறத்தாழ 0.11 நொடி. நிறம் சேர்த்தல் நெறிமுறை ஒன்றைக் கற்றால் 2/54, ஏறத்தாழ 0.04 நொடி. மனப்பாடத்திற்கு இரண்டும் ஒரே உழைப்பைக் கேட்கின்றன. பயனோ மூன்று மடங்கு வேறுபடுகிறது. அனுபவமுள்ளோர் 21-ஐ முடித்தபின்பே 57-க்குச் செல்லுமாறு அறிவுறுத்துவதற்கு இதுவே காரணம். ஏற்கெனவே அறிந்த ஆறும் அந்த 21-இல் அடங்குவதால் நம் மாணவி கற்க வேண்டியவை பதினைந்தே. 57-இல் அவருக்கு எஞ்சியிருப்பவை 47.

இதற்கும் மேலே ஒரு பெருங்கடல் இருக்கிறது. போலந்தின் ஸ்பிக்னியெவ் ஸ்போரோவ்ஸ்கி, நெதர்லாந்தின் ரான் வான் ப்ரூஹெம் ஆகிய இருவர் பெயரால் அமைந்த முறையில், மேலடுக்கு முழுவதையும் ஒரே நெறிமுறையில் முடிக்கலாம். அதற்குக் கற்க வேண்டியவை 472. விளிம்புகள் நான்கும் முன்னரே சரியாக இருந்தால்தான் இது பயன்படும். தற்செயலாக அவ்வாறு அமையும் வாய்ப்பு 8-க்கு ஒன்று. அமைந்தபின், குறிப்பிட்ட ஒரு நிலை எழும் வாய்ப்பு பெரும்பாலும் 486-க்கு ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 3,888 ஆட்டங்களுக்கு ஒருமுறை. நாள்தோறும் பன்னிரண்டு ஆட்டம் ஆடுபவர், தாம் அரும்பாடுபட்டுக் கற்ற ஒரு வரியை ஏறக்குறைய 324 நாளுக்கு ஒருமுறை பயன்படுத்துவார். அதற்குள் கை அதனை மறந்திருக்கும். கடைசி இணையைப் பொருத்தும்போதே விளிம்புகளையும் திருத்திவிடும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அந்த எட்டு மடங்குத் தடை இல்லை. அவர்கள் ஆடும் ஆட்டங்களும் மிகுதி. 472 என்பது அவர்களுக்கு உரிய எண்.

தெரிந்து தெளிவோம்

கற்கும் காலம் புதிருக்குப் புதிர் மாறும். பக்கத்திற்கு இரண்டு துண்டுகள் கொண்ட சிறிய கனசதுரத்தில் உள்ள நிலைகள் 36,74,160 மட்டுமே. எதனையும் பதினொரு திருப்பங்களுக்குள் முடிக்கலாம். ஆட்டத்தின் பெரும்பகுதி நெறிமுறையாகவே அமைவதால் அங்கே மனப்பாடம் விரைவில் பயன் தருகிறது. பக்கத்திற்கு நான்கும் ஐந்துமாகத் துண்டுகள் கொண்ட பெரிய கனசதுரங்களிலோ நடுத்துண்டுகளையும் விளிம்புகளையும் சேர்ப்பதிலேயே நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது. அங்கே முதலில் பழக வேண்டியது கண்.

நேரம் எங்கே கழிகிறது?

மேற்கண்ட கணக்கு, எந்த நெறிமுறை முதலில் என்பதைச் சொல்கிறது. இன்றே தொடங்கலாமா என்பதற்கு விடை மாணவியின் குறிப்பேட்டில்தான் இருக்கிறது.

அவர் தம் ஆட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுக் கட்டம் கட்டமாக நேரம் குறிக்கிறார் என்று கொள்வோம். கூட்டல்குறிக்கு 4 நொடி, நான்கு இணைகளுக்கு 16 நொடி, நிறம் சேர்த்தலுக்கு 6 நொடி, இடம் மாற்றலுக்கு 4 நொடி. தாளில் உள்ள எழுபத்தெட்டும் தொடக்கூடியவை கடைசிப் பத்து நொடியை மட்டுமே. பதினாறு நொடி எடுக்கும் நடுப்பகுதியை அவை தொடவே மாட்டா.

அந்தப் பதினாறு நொடியில் என்ன நடக்கிறது? ஓர் இணை பொருந்துகிறது, கை நிற்கிறது, கண் அடுத்த இணையைத் தேடுகிறது. கனசதுரம் இப்புறமும் அப்புறமும் சுழல்கிறது. பிறகே கை மீண்டும் அசைகிறது. நான்கு இணைகளிலும் அரை அரை நொடி நிறுத்தத்தைக் குறைத்தாலே இரண்டு நொடி மிஞ்சும். 18-க்கு ஒருமுறையோ 54-க்கு ஒருமுறையோ என்றில்லாமல் ஒவ்வோர் ஆட்டத்திலும் மிஞ்சும். அதற்கு ஒரு வரியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓர் இணையைக் கை பொருத்திக்கொண்டிருக்கையில் கண் அடுத்ததைத் தேடப் பழக வேண்டும். அதற்குக் கையின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ள வேண்டும். மெதுவாகத் திருப்பினால் விரைவாக முடிகிறது என்பது முதலில் நம்பக் கடினமானது. கடிகாரத்தை வைத்துச் சோதித்தால் நம்பிக்கை வரும்.

திசையன்விளையைச் சுற்றியுள்ள செம்மண் நிலத்தில் பனைத்தொழில் அறிந்த பெரியவர்கள் இன்றும் இருக்கின்றனர். பாளையை நாள்தோறும் மெல்லிதாகச் சீவிவிட வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். ஆண்பனையின் பாளைக்கும் பெண்பனையின் பாளைக்கும் பக்குவம் வேறு. இவையெல்லாம் மரத்தின் உச்சியில் செய்யும் நுண்தொழில்கள். ஏறும்போது கால் எங்கே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அவற்றில் கவனம் செல்லாது. கனசதுரத்தில் ஏறுதல் என்பது கூட்டல்குறியும் நான்கு இணைகளும். நெறிமுறைகள் உச்சியில் இருக்கின்றன.

ஆகவே மாணவி தம்மிடமே சில வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். போட்டிகளில் ஆட்டத்திற்கு முன் கனசதுரத்தைப் பார்க்கப் பதினைந்து நொடி தரப்படும். அதற்குள் கூட்டல்குறி முழுவதையும் மனத்தில் திட்டமிட முடிகிறதா? நான்கு இணைகளும் பெரிய நிறுத்தமின்றி அமைகின்றனவா? அறிந்த பதினாறும் பேசிக்கொண்டிருக்கும்போதுகூடக் கையில் வருகின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் இடம் மாற்றலின் பதினைந்தைத் தொடங்கலாம். முதலிரண்டுக்கு இல்லை என்றால் தாள் மேசையிலேயே இருக்கட்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரும்பிக் கற்பவரைக் கணக்கைக் காட்டித் தடுத்து நிறுத்துவதும் தவறு. ஒரு நெறிமுறையின் அழகு பிடித்துப்போய் அதை மட்டும் கற்கிறவர்கள் உண்டு. விளையாட்டில் அதற்கும் இடம் வேண்டும். இங்கே பேசப்படுவது நேரத்தைக் குறைக்க விரும்புவோரின் கணக்கு.

1982-ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில், வியட்நாமில் பிறந்த அமெரிக்க மாணவர் மின் தாய் 22.95 நொடியில் முடித்து வென்றார். 2023-இல் அமெரிக்காவின் மேக்ஸ் பார்க் 3.13 நொடியில் முடித்தார். இவ்விரு எண்களுக்கும் இடையிலான தொலைவுக்கு நெறிமுறைகள் ஒரு காரணம். எளிதாகவும் தடையின்றியும் சுழலும் இக்காலக் கனசதுரங்களும், இடைவிடாது முன்னோக்கும் கண்களும் மற்ற காரணங்கள். மின் தாயின் நேரத்தை எட்ட நம் மாணவிக்கு எழுபத்தெட்டும் தேவைப்படா. இணைகளில் ஐந்து நொடியும் இடம் மாற்றலில் இரண்டு நொடியும் குறைந்தால் அவர் 23-இல் நிற்பார்.

கற்கும் நாள்கள்

தொடங்கலாம் என்று முடிவானபின் ஒரே நாளில் பதினைந்தையும் எடுத்தல் கூடாது. வாரத்திற்கு இரண்டு போதும். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக உள்ள இரண்டை ஒரே நாளில் கற்றால் கை இரண்டையும் கலந்துவிடும்; முதலாவது நிலைபெற்றபின் மற்றதைக் கற்பது நல்லது. முதலில் எழுத்துகளைப் பார்த்து மெதுவாகத் திருப்ப வேண்டும். சில நாள்களில் எழுத்துகள் மறந்து விரல்களின் அசைவு மட்டும் நினைவில் நிற்கும். நெறிமுறை கைக்கு வந்துவிட்டதன் அடையாளம் அது.

விரல் பழகியதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அந்நிலை எதிர்ப்படும்போது அதனை இன்னதென அடையாளம் காண வேண்டும். அதில்தான் பலர் தடுமாறுகின்றனர். இரண்டு நொடி மிச்சப்படுத்தும் நெறிமுறையை நினைவுகூர மூன்று நொடி ஆனால், பழைய இருபடி வழியே மேல். எனவே புதிதாகக் கற்ற முதல் ஒன்றிரண்டு வாரங்களில் சராசரி நேரம் கூடத்தான் செய்யும். குறிப்பேட்டில் முப்பதுக்குப் பதில் முப்பத்திரண்டு எழுதும்போது மனம் தளர்வது இயல்பு. அவ்வேற்றம் சில நாள்களில் இறங்கும் என்பதை முன்னரே அறிந்திருந்தால் தாளைத் தூக்கி எறியத் தோன்றாது.

இதிலிருந்து இன்னொரு காலக்கணக்கும் பிறக்கிறது. சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் நடைபெறும் போட்டிகளுக்குத் தென்கோடியிலிருந்து செல்வது எளிதன்று. பயணத்திற்கு முந்தைய இரண்டு வாரங்களில் புதிய நெறிமுறை எதனையும் தொடங்காமலிருப்பது நல்லது. போட்டிச் சுற்றில் பெரும்பாலும் ஐந்து ஆட்டங்கள். சிறந்ததையும் மோசமானதையும் நீக்கி, எஞ்சிய மூன்றின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். அரைகுறையாகத் தெரிந்த ஒரு நெறிமுறை ஓர் ஆட்டத்தைக் கெடுத்தால் விதி காப்பாற்றும். இரண்டு ஆட்டங்களைக் கெடுத்தால் காப்பாற்றாது.

நம் மாணவியிடம் திரும்புவோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவர் இணைகளில் நிறுத்தங்களைக் குறைத்துக்கொண்டு, பதினைந்தில் பன்னிரண்டைக் கற்றுவிட்டார் என்று கொள்வோம். அந்தப் பன்னிரண்டும் 18-க்கு ஒருமுறை வருபவை. எஞ்சிய மூன்றில் ஒன்று 36-க்கு ஒருமுறை வரும். ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தின் பெயரால் வழங்கும் மற்ற இரண்டும் நீளமானவை. கைக்கு எளிதில் வராதவை. ஒவ்வொன்றும் 72-க்கு ஒருமுறைதான் எழும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு ஆட்டம் என்றால் ஆறு நாளுக்கு ஒருமுறை. குறிப்பேட்டில் அவ்விரண்டுக்கும் உரிய இடத்தை வெற்றாக விட்டுவிட்டு, அவை வரும்போது பழைய இருபடி வழியிலேயே அவர் முடிக்கிறார்.